கழிக்காத இரண்டு கிலோ

மலைக்கென்று செய்த வண்டிதான்.
செய்தவன் மனதில் இருந்த மலை வேறு;
அங்கே யாரும் சாமான் கொண்டுபோவதில்லை போலும்.
கேரியர் பூட்ட ஓர் ஓட்டை விடவில்லை.

தலவாக்கலையில் மூன்றாம் நாள் மழை.
ருசைக் கடையின் தகரத்துக்குக் கீழே
வண்டியைக் கவிழ்த்து வைத்தோம்.
"துளைக்க ஏலாது. அலுமினியம்.
தொளச்ச எடத்துலதான் மொதல்ல வெடிக்கும்."
காஸ் குழாய்க்குப் போடும் கிளிப் நான்கு எடுத்தான்,
பழைய டியூப்பை அறுத்துச் சட்டத்தில் சுற்றி
அதன்மேல் வைத்து இறுக்கினான்.
பிறகு கேரியரைப் பிடித்தே
முழு வண்டியையும் தூக்கிக் காட்டினான்:
"நீங்க விழுந்தாலும் இது விழாது."

பைகளை நான் தைத்தேன்.
உரச்சாக்கு வெளியே, பொலித்தீன் உள்ளே,
விறைப்புக்குப் போன தேர்தலின் பிளாஸ்டிக் அட்டை,
வேட்பாளரின் பாதிச் சிரிப்பு உள்பக்கமாக.
கட்டுநாயக்கவில் ஆறு வருஷம்
கொலர் மட்டும் தைத்த கை.
அந்தச் சட்டைகளை முழுதாய் ஒருநாளும் பார்த்ததில்லை.
இந்தப் பைக்கு அடி, விளிம்பு, வாய் எல்லாம் இருந்தது.
கொஞ்சநேரம் சும்மா திறந்து மூடினேன்.

முதல் மிதியிலேயே குதிகால் பையில் இடித்தது.
இந்த இன வண்டிக்குப் பின்பக்கம் குட்டை.
பையை நாலு விரல் பின்னுக்குத் தள்ளினேன்.
குதிகால் தப்பியது,
முன்சில்லு எழும்பியது,
நுவரெலியா மைதானத்துக் குதிரை மாதிரி.
அரிசியை முன்னுக்கு மாற்றினேன்.
தண்ணீரைச் சட்டத்தின் வயிற்றில் கட்டினேன்.
கூடாரம் கைப்பிடிக்குக் கீழே.
மறுபடி ஏறினேன், இறங்கினேன்,
சட்டியை இடமிருந்து வலம்,
திரும்ப இடம்.

முன்கவட்டில் ஸ்பிரிங்.
பாரம் ஏறியதும் ஒவ்வொரு மிதிக்கும்
குனிந்து குனிந்து கும்பிடு போட்டது.
பூட்டிவிட்டேன்.
இந்த மலையில் கும்பிட்டது போதும்.

"என்ன விக்கப் போறே?"
பேக்கரியில் கேட்டார்கள், பஸ் நிலையத்தில் கேட்டார்கள்,
லீக்ஸ் ஏற்ற வந்த சுமணசிறி சிங்களத்தில் கேட்டார்.
ஒன்றும் இல்லை என்றேன்.
வாய்க்குள் விரல் விட்டுப் பார்க்காத குறை.
எட்டு நாள் லீவு.
ஊருக்கு வந்த தடவையெல்லாம் ஒரே பாதை, ஒரே பஸ்,
அதுவும் நின்றபடி.
வெலிமடை, பண்டாரவளை, அப்புத்தளை
எனக்கு இன்னமும் வெறும் பெயர்ப்பலகைகள்.
இதைச் சுமணசிறிக்கு எந்த மொழியில் சொல்ல?

மாலை, அக்கா யோகமலர்
கொழுந்து மடுவத்துக்குக் கூட்டிப்போனாள்.
கணக்கப்பிள்ளை போயிருந்தார்.
பைகளை ஒவ்வொன்றாய்த் தராசில் மாட்டினாள்,
கைவிரலில் கூட்டினாள்:
"பத்தொம்பது."
பழக்க வாயில் சொன்னேன்:
"ரெண்டக் கழி. சாக்குக்கு."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன்.
"கழிச்சா, ஏத்தத்துல அத யாரு தூக்குறது?"
சங்கிலியை விட்டாள். கொக்கி ஆடி நின்றது.
"எங்களுக்குக் கழிச்ச ரெண்டும்
மேட்டுல இருந்து தானா நடந்து வரலயே."

இரண்டாவது ஜெர்சியை எடுத்துவிட்டேன்.
அந்த இடத்தில் அவள்
ஒரு பக்கெட் தேயிலைத்தூள் செருகினாள்.
கூடியதா குறைந்ததா,
திரும்ப நிறுக்கவில்லை.

இரவு, ஈரத் தாரில் பிரேக் பார்த்தேன்.
பாரம் இல்லாமல் நின்ற இடத்தைத் தாண்டி
இரண்டு ஆள் நீளம் போய் நின்றது.
சரி, இறக்கத்தில் இரண்டு ஆள் முன்னமே பயப்பட வேண்டும்.
ஏற்றத்துக்கு இருபத்திரண்டு பல் சக்கரம்,
கொழுந்துக்கூடையோடு நடப்பவர்கள்
முந்திப்போகும் வேகம். போகட்டும்.

விடிய நாலரை. பனி.
ஒவ்வொரு சுற்றுக்கும் எங்கேயோ ஒரு 'டிக்'.
கிளிப்பைத் தொட்டேன், மிதியைத் தொட்டேன்,
சீட்டில் இருந்து எழும்பிப் பார்த்தேன்.
டிக்.
ருசைக் கடை திறக்க எட்டு மணியாகும்.

நானுஓயா வளைவுகளில்
அதுவே சொல்லட்டும்.